நாற்பத்திரண்டாவது குறிப்பு

மில்ஸ்பரோ, டென்னசி
1983 மே 4

அன்புள்ள ரூபன்,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவன் பெயர் டேரல் விக்கம். வயது இருபது. நம் பேஸ்பால் கிளப் அலுவலகம் ஒவ்வொரு வசந்தத்திலும் அச்சடிக்கும் 'எதிர்கால நட்சத்திரங்கள் முப்பது பேர்' பட்டியலில் முதல் பெயர் இவனுடையது. அது இவனுக்குத் தெரியும். இவன் அம்மாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். எங்கள் டபுள் ஏ அணியிலிருந்து, பெரிய லீகுக்கு ஒரே படி கீழே இருக்கும் உங்கள் டிரிபிள் ஏ அணிக்கு இன்று காலை உயர்த்தினார்கள். வழக்கப்படி குறிப்பு கீழே. உறையை ஒட்டியிருக்கிறேன். ஒட்டாவிட்டாலும் படித்திருக்க மாட்டான். படிப்பில் அவனுக்கு நாட்டமில்லை.

வேகம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருடமாக நான் கேட்சர்; பிட்சர் எறிவதை அடிகாரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பதுதான் வேலை. இவன் எறியும்போதுதான் முதன்முறையாக, பந்தை நான் பிடிக்கவில்லை, பந்து என்னைப் பிடித்தது என்று தோன்றியது. அன்று என் இடது கட்டைவிரலால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஆனாலும் அடுத்த நாள் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

ஒரு பலவீனம். முதல் ஆட்டக்காரனுக்கே நான்கு பந்தைத் தவறாக எறிந்து தளத்தைத் தானமாகக் கொடுத்துவிட்டால், வானத்தைப் பார்ப்பான். அப்போது நீ அவன் நின்று எறியும் மேட்டுக்குப் போக வேண்டும். திட்டாதே, அறிவுரை சொல்லாதே, முழங்கையைப் பற்றிப் பேசவே பேசாதே. அவன் ஊரில் கெளுத்தி மீனை எப்படி வறுப்பார்கள் என்று கேள். சொல்லி முடித்ததும் அடுத்த மூன்று பந்தும் அடிகாரனின் காலடித் தட்டுக்கு நேராக வரும்.

இன்னொன்று. காலை ஏழு மணிக்கு அம்மா தொலைபேசியில் அழைப்பார். அவனுக்கு அடுத்த அறையை எடுத்துக்கொள்ளாதே.

இவன் நாற்பதாவது ஆள். முதல் படியில் நாம் ஒரே அறையில் இருந்துவிட்டு, நீ முந்திப் போனபோது, பின்னால் வந்த ஒரு பிட்சரின் கையில் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினேன். அன்றிலிருந்து நீ ஒரு படி மேலே, நான் ஒரு படி கீழே. முதலாளிகள் இந்த ஏற்பாட்டைப் பண்ணை என்கிறார்கள். விக்கம் போன்றவர்கள் பயிர். நாம் வேலி. அறுவடைப் படத்தில் வேலி வராது. ஆனாலும் நீ உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்த எந்தப் பயிரும் பயந்து வாடியதில்லை என்பதை அலுவலகம் எங்காவது எழுதி வைக்கலாம்.

ஒரு படி கீழே இருந்து,
லைல்


கார்வர் சிட்டி, அயோவா
மே 21

அன்புள்ள லைல்,

குறிப்பு பலித்தது. செவ்வாய்க்கிழமை உன் விக்கம் முதல் ஆளுக்குத் தளத்தைத் தானம் செய்தான். வானத்தைப் பார்த்தான். நான் மேட்டுக்கு நடந்தேன்.

"டேரல், உங்க ஊர்ல கெளுத்தியை மைதாவுலயா புரட்டுவாங்க?"

"மைதாவா? யாருண்ணே சொன்னது? சோளமாவு! அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் மோர்ல ஊறணும்."

"மோர்லயா? மீனையா?"

"நீங்க எங்கம்மாகிட்டதான் பேசணும்."

நடுவர் வந்துவிட்டார். "என்னப்பா, மாநாடு முடிஞ்சுதா?"

"மீன் விஷயம் சார்."

"சீக்கிரம். எனக்கும் பசிக்குது."

பிறகு மூன்று பேரும் வரிசையாக வந்து, காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். மேலாளர் என்னிடம், "என்னடா மந்திரம் சொன்ன?" என்றார். மோர் என்றேன். அவர் அதை ஏதோ ஸ்பானிஷ் வார்த்தை என்று எடுத்துக்கொண்டு மரியாதையோடு தலையாட்டினார்.

வீட்டுச் செய்தி ஒன்று. எல் பாஸோவில் என் மகள் இனெஸ் பள்ளி நூலகத்தில் பேஸ்பால் பதிவேட்டைப் பார்த்திருக்கிறாள். மேலே, பெரிய லீகில், ஒரு நாள் ஆடியவனுக்கும் அதில் ஒரு வரி உண்டு. 1908இல் ஒரே ஒரு பந்தைப் பிடித்துவிட்டுத் தபால்காரனாகப் போனவனுக்கும் உண்டு. ஓ-வில் தேடியிருக்கிறாள். ஓச்சோவா ரூபன் இல்லை. தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, நீங்க நிஜமாவே விளையாடத்தான் போறீங்களா?" பத்து வயது. சந்தேகப்படுகிற குரல்கூட இல்லை. உதவி செய்கிற குரல்.

எனக்கு முப்பத்திரண்டு. மைத்துனன் டயர் கடையில் இடம் வைத்திருக்கிறான். அக்டோபரில் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு வரி வேண்டும். ஒரே வரி. எண்கள் எல்லாம் பூஜ்யமாக இருந்தாலும் போதும். உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் என்னைத் திருப்தியான மனிதன் என்று நினைக்கிறார்கள்.

ஒரு படி மேலே இருந்து,
ரூபன்


மில்ஸ்பரோ
ஜூன் 20

அன்புள்ள ரூபன்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் காரணம், மூன்று வாரம் பேருந்திலேயே வாழ்ந்தோம். குளிர்சாதனம் ஓடவில்லை. ஓட்டுநர் அதைப் பயிற்சி என்கிறார்.

எங்கள் பிட்சர் டெல்பர்ட் கிம்ஸியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வயது, பட்டியலில் இருபத்தொன்பதாவது. முப்பதாவது ஆள் இப்போது ராணுவத்தில் இருக்கிறான். தோள் கிழிந்த பிறகு கிம்ஸி இரண்டு வருடம் தீவன ஆலையில் மூட்டை தைத்தான். மாலைகளில் களஞ்சியக் கதவைப் பார்த்து நகப்பந்து எறிந்து பழகினான். விரல் நுனி நகங்களைப் பந்தின் தோலில் ஊன்றித் தள்ளிவிடும் அந்தப் பந்து உனக்குத் தெரியும். சுழலாது. சுழலாத பந்துக்கு எங்கே போவது என்று தெரியாது. மெதுவாக வரும், நடுவழியில் யோசிக்கும், மனம் மாறும்.

ரூபன், அவன் எறிவதை நீ பார்க்க வேண்டும். சென்ற வாரம் ஒரு பெரிய அடிகாரன் மட்டையைச் சுழற்றி விழுந்து, மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தான். "இது பந்தா, வதந்தியா?" என்று என்னைக் கேட்டான். எனக்கும் தெரியாது என்றேன். இத்தனை மெதுவாக இத்தனை பேரைத் தோற்கடிக்கிற வேறு எதையும் நான் கண்டதில்லை.

மற்ற கேட்சர்கள் அவன் பேரைக் கேட்டால் நொண்டுகிறார்கள். சென்ற ஆகஸ்ட் முதல் பத்தொன்பது ஆட்டம் நான்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறேன். முதல் பத்தில் பிடித்ததைவிடத் துரத்தியது அதிகம். அதன் பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவனுக்கே தெரியாது. அதற்குப் பிறகு என்னைத் தாண்டிப் போனது இரண்டே பந்து. அவனை உன்னிடம் அனுப்பும் நாள் வந்தால் குறிப்பில் எழுதுகிறேன்.

இனெஸிடம் சொல், அவள் அப்பா விளையாடுவதை நான் பார்த்திருக்கிறேன். சாட்சி சொல்வேன்.

ஒரு படி கீழே இருந்து,
லைல்


கார்வர் சிட்டி
ஜூலை 3

லைல்,

அவசரமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பண்ணை இயக்குநர் ஹாலிஸ் நேற்று வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒன்பது வருடத்தில் இது முதல்முறை. விலக்கத்தான் போகிறார்கள் என்று காலணியைக் கழற்றிக்கொண்டே போனேன்.

"கிம்ஸியை அடுத்த வாரம் உன்கிட்ட அனுப்புறேன்," என்றார். "செப்டம்பர்ல மேலே கூடுதலா ஆள் சேர்க்கலாம். அவனைக் கூட்டிட்டுப் போறோம். மேலே இருக்கிற ரெண்டு கேட்சரும் அவன் பந்து வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. ஒருத்தனுக்கு விரல் முக்கியமாம், இன்னொருத்தனுக்கு மூக்கு. அதனால, கீழே எவன் அவனைப் பிடிக்கிறானோ அவனும் கூடவே போவான்."

"நானா சார்?"

"பிடிச்சா நீதான். உன் மேல எப்பவும் ஒரு கண் உண்டு, ரேமன்."

"ரூபன், சார்."

"அதான்."

லைல், உன் வாழ்க்கையிலேயே சிறந்த குறிப்பை எழுது. கண்டுபிடித்தேன் என்றாயே, அதைப் பெரிய எழுத்தில் எழுது. இனெஸிடம் இன்னும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. மைத்துனனிடம் மட்டும், அக்டோபரில் கொஞ்சம் தாமதமாக வரலாம் என்று மிகச் சாதாரணமாகச் சொன்னேன்.

ஒரு படி மேலே இருந்து,
ரூபன்


மில்ஸ்பரோ
ஜூலை 9

அன்புள்ள ரூபன்,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவன் டெல்பர்ட் கிம்ஸி. நாற்பத்தொன்றாவது ஆள்.

அவனோடு ஒரு கையுறையையும் அனுப்புகிறேன். இங்கே குதிரைச் சேணம் தைப்பவரிடம் சொல்லித் தைத்தது. சாதாரணக் கையுறையைவிட நான்கு விரற்கடை பெரிது. நடுவர் அளந்து பார்க்கும் அளவுக்கு மோசமில்லை. வைத்துக்கொள். எனக்கு இனி அது தேவைப்படாது.

பந்தைத் தேடிப் போகாதே. அது வந்து சேரும்வரை கையை முழங்கால் மேல் வைத்திரு. காற்று முகத்துக்கு நேரே வந்தால் இன்னும் அதிகம் ஆடும். மழைக்கு முன் மிக அழகாக ஆடும். அவன் அதிகம் பேச மாட்டான். "நல்லா இருந்துது" என்று சொன்னால் மிக நன்றாக இருந்தது என்று பொருள். ஆட்டத்துக்கு முன் அவித்த கடலை மட்டும் சாப்பிடுவான். அவனுடைய நாயின் பெயர் ஜட்ஜ். நாயைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும். தோற்றாலும் கேட்சரைக் குறை சொல்ல மாட்டான். நான் பார்த்தவர்களிலேயே நல்ல மனிதன் அவன்தான், உனக்கு அடுத்து.

அவ்வளவுதான். வாழ்த்துகள்.

ஒரு படி கீழே இருந்து,
லைல்


கார்வர் சிட்டி
ஜூலை 17

அன்புள்ள லைல்,

கையுறைக்கு நன்றி. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பீட்சா கொண்டுபோகிறவன் மாதிரி இருக்கிறது.

இரண்டு ஆட்டம் முடிந்தது. முதல் ஆட்டத்தில் நான்கு பந்து என்னைத் தாண்டிப் போனது. நேற்று ஆறு. என் பெயருக்கு எதிரே அவ்வளவு பெரிய எண் இதுவரை வந்ததில்லை. பின்வரிசையில் ஒரு சோளக்காட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் எழுந்து, "தம்பி, பந்து வெளிய ஓடுது, நாயை அவுத்து விடட்டுமா?" என்று கேட்டார். ஆறாவது முறை எனக்கே சரியென்று பட்டது.

பந்தைத் தேடிக் கையை அனுப்பவில்லை. முழங்கால் மேல்தான் வைத்திருந்தேன். ஆனால் முதலில் எல்லாம் இடப்பக்கம் சாய்கிற பந்து திடீரென்று வலப்பக்கம் சாய்கிறது. மறுபடி இடம். ஏன் என்று புரியவில்லை. கிம்ஸியைக் கேட்டேன். "எனக்கும் தெரியாதுண்ணே, நான் விடுறதோட சரி" என்றான்.

ஜூனில் ஏதோ கண்டுபிடித்ததாக எழுதியிருந்தாய். குறிப்பை நான்கு முறை படித்தேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன். நாயின் பெயர் இருக்கிறது. அது இல்லை. மறந்திருப்பாய். இன்னொன்று: இந்த முறை கையெழுத்து ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. நாற்பது குறிப்பும் பேருந்தில் கிறுக்கியவை, பெட்டியில் வைத்திருக்கிறேன். இது மட்டும் திருத்தி எழுதினது மாதிரி தெரிகிறது. திருத்தும்போது ஒரு பத்தி விட்டுப்போயிருக்கலாம். எனக்கும் அப்படி ஆவதுண்டு.

சீக்கிரம் எழுது.

ஒரு படி மேலே இருந்து,
ரூபன்


கார்வர் சிட்டி
ஜூலை 25

அன்புள்ள லைல்,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலை. இல்லை, அந்தப் பேருந்து எங்கேயாவது நின்றுவிட்டதா?

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எதிரணி ஆள் மூன்றாவது தளத்தில் நிற்கிறான். நான் ஒரு பந்தைத் தவறவிட்டால் அவன் ஓடி வந்துவிடுவான். நகப்பந்து எறியச் சொல்லி விரலால் சைகை காட்டினேன். கிம்ஸி தலையாட்டிவிட்டு, நேராக ஒரு சாதாரணப் பந்தை எறிந்தான். அடித்தவன் அதை மைதானத்துக்கு வெளியே அனுப்பினான். அடுத்த முறையும் அதேதான். மேட்டுக்குப் போனேன்.

"டெல்பர்ட், நான் கேட்டது அதில்லையே."

"கை வழுக்கிடுச்சுண்ணே."

"ரெண்டு தடவையா?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "உங்க பேருக்குத்தானே அண்ணே எழுதுறாங்க. ஏற்கெனவே பதினாலு ஆயிடுச்சு."

லைல், அவன் எனக்காகத் தன் பந்தைக் குறைத்துக்கொள்கிறான். அந்தப் பந்துக்காக இரண்டு வருடம் தீவன மூட்டை தைத்தவன். நான் முகமூடிக்குள் இருந்ததால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை. நம் தொழிலில் உள்ள ஒரே வசதி அது. ஹாலிஸ் ஏற்கெனவே தொலைபேசியில் அவன் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாராம்.

இன்று காலை மேலாளரிடம் போனேன். "தலைவரே, எனக்கு இவனைப் பிடிக்க வரலை. பிடிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருக்கான், மில்ஸ்பரோவுல. லைல் தோர்சன். அவனைக் கூப்பிடுங்க."

"ரெண்டு பேரை வெச்சுக்க எனக்கு இடமில்லையே. அப்ப நீ?"

"அவன் இடம் காலியாத்தானே இருக்கும்."

"நீ என்ன சொல்றேன்னு உனக்குத் தெரியுதா, ரூபன்?" முதல்முறையாக ஒரு மேலாளர் என் பெயரைச் சரியாகச் சொன்னார்.

ஆக, நாம் இடம் மாறுகிறோம். இனெஸிடம் முதலிலேயே சொல்லாதது நல்லதாகப் போயிற்று. மேலே போனால் தட்டுக்குப் பின்னால் உள்ள மண் எப்படி இருந்தது என்று மட்டும் எழுது.

ரூபன்


மில்ஸ்பரோ
ஜூலை 26

ரூபன்,

உன் 17ஆம் தேதிக் கடிதம் ஐந்து நாளாக என் காலுறைகளுக்கு அடியில் இருக்கிறது. நான் எதையும் மறக்கவில்லை.

கிம்ஸியின் நகம்தான் விஷயம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவ்வப்போது ஒரு சின்ன அரத்தை எடுத்து நகங்களை ராவுவான். பழக்கம், தான் செய்வதே அவனுக்குத் தெரியாது. ராவியவுடன் நகம் கூர்மையாக இருக்கும். அப்போது எறியும் பந்து உன் இடப்பக்கம் சாயும். இருபது, இருபத்தைந்து பந்துக்குப் பிறகு நகம் வியர்வையில் மழுங்கும். அப்போது வலப்பக்கம். மறுபடி ராவினால் மறுபடி இடம். அவ்வளவுதான். பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார். அரத்தைப் பார். எண்ணிக்கொள். அதன் பிறகு அந்த வதந்தி உனக்கு மட்டும் உண்மை சொல்லும்.

முதலில் எழுதிய தாளில் இது இருந்தது, பெரிய எழுத்தில், நீ கேட்டபடி. அன்று மதியம் ஹாலிஸ் இங்கே தொலைபேசியில் பேசினார். "ஓச்சோவாவால முடியலைன்னா நீதான், லாயிட்" என்றார். திருத்தவில்லை நான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் சுத்தமாக எழுதினேன். கையுறையையும் அனுப்பினேன், பெருந்தன்மையாக இருந்தது. எனக்கும் முப்பத்தொன்று. ஒன்பது வருடமாக நான் உனக்கு ஒரு படி கீழே இருப்பதற்குக் காரணம் நீ என்னைவிடச் சிறந்த கேட்சர் என்பதுதான். அது எனக்கு எப்போதும் தெரியும், எப்போதும் பெருமைதான். ஒருநாள் மதியம் மட்டும் பெருமையாக இல்லை.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நீ பிடித்துவிடுவாய்.

லைல்


கார்வர் சிட்டி
ஆகஸ்ட் 6

ரூபன்,

28ஆம் தேதி என்னை இங்கே வரச் சொன்னார்கள். நீ தெற்கே போன பேருந்தும் நான் வடக்கே வந்த பேருந்தும் மிசௌரியில் எங்கோ ஒன்றையொன்று கடந்திருக்கும். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

உன் அலமாரியைத் திறந்தேன். துடைத்து வைத்திருந்தாய். கையுறைக்கு எண்ணெய் பூசியிருந்தது. அதற்குள் பதினொரு தாள்கள். இங்குள்ள பதினொரு பிட்சர்களைப் பற்றியும் தனித்தனிக் குறிப்பு. யாருக்குக் கோபம் எதில் வரும், யாருக்கு எந்த விரல் வலிக்கும், யார் மனைவி எங்கே உட்கார்ந்தால் யார் நன்றாக எறிவார். விக்கம் தாளில் அம்மாவின் மோர்ச் செய்முறைகூட இருந்தது. பதினொன்றையும் சோதித்துப் பார்த்தேன். எதிலும் ஒன்றும் குறையவில்லை.

30ஆம் தேதி அறைக் காப்பாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். "ஓச்சோவாவுக்கு வந்துது. உங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே, அனுப்பிடுங்க." உறை மேல் என் கையெழுத்து. நான் உனக்கு எழுதிய கடிதம் என் கைக்கே வந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீயோ, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். என்னை மன்னித்தும் விட்டாய். அதற்குக் காரணம்கூட நீயே தேடிக் கொடுத்தாய்.

ஒரு வாரம் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதோடு கிம்ஸிக்கு ஒரு ஆட்டம் பிடித்தேன். ஒன்றும் தவறவில்லை. "நல்லா இருந்துது" என்றான்.

நேற்று உன் 25ஆம் தேதிக் கடிதம் வந்தது. மில்ஸ்பரோவில் உன் கைக்கே வந்ததை நீ எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். உறையின் பின்னால், "விக்கமின் அம்மா கேட்டால் பையன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சொல்" என்று ஒரு வரி.

இதோடு என் கடிதத்தை வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. மூலை கொஞ்சம் மடங்கியிருக்கும்; அது என் பை. படித்துவிட்டு மேலாளரிடமோ ஹாலிஸிடமோ நீ என்ன சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன்.

எப்படிக் கையெழுத்திடுவது என்று தெரியவில்லை.

லைல்


மேலே
செப்டம்பர் 14

ரூபன்,

நீ யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் எழுதவில்லை. அது சரிதான். மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

சிவப்பு. மிக மென்மை. உட்கார்ந்தால் பாதம் அரை அங்குலம் உள்ளே போகும். தட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது, ஏற்கெனவே யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து உண்டானது. அது என் குதிகாலுக்குப் பொருந்தவில்லை. உன்னுடையதற்குப் பொருந்தியிருக்கும்.

நேற்று கிம்ஸி இரண்டு சுற்று எறிந்தான். முப்பதாயிரம் பேர் சிரித்தார்கள். ஏளனமாக இல்லை, ஒரு நல்ல செய்தியைக் கேட்டவர்கள் மாதிரி. மேலே இருப்பவர்களில் மிகப் பெரிய அடிகாரர் மூன்று முறை வீசிவிட்டு, அவனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். அவன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். தனக்குத்தான் என்று நம்பவில்லை. ஒன்றும் என்னைத் தாண்டிப் போகவில்லை. எனக்கு ஒருமுறை மட்டை பிடிக்க வாய்ப்பு வந்தது. மூன்று பந்தில் வெளியே வந்தேன்.

வரி எனக்குக் கிடைத்துவிட்டது.

லைல்


மில்ஸ்பரோ, டென்னசி
1984 மே 12

அன்புள்ள லைல்,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவன் பெயர் எஃப்ரைன் பாலாசியோஸ். பத்தொன்பது வயது, இடது கை. வெனிசுவேலாவிலிருந்து வந்தவன். இந்த வசந்தத்துப் பட்டியலில் நான்காவது. என் கணிப்பில் முதலாவது; அலுவலகத்துக்கு நேரம் கொடுப்போம். டிரிபிள் ஏவில் உன்னிடம்தான் வருகிறான் என்று கேட்டுச் சந்தோஷம்.

இவனுடைய வளைபந்து அடிகாரனின் தோளுக்கு நேரே கிளம்பும். அவன் குனிவான். பந்து சாவகாசமாக வந்து தட்டைத் தொட்டுவிட்டுப் போகும். குனிந்தவர் நிமிரும்போது முகத்தைப் பார்க்காதே, சிரிப்பு வரும், நடுவர் கோபிப்பார். முப்பத்து மூன்று வயதில் ஒரு பந்தைப் பார்த்துக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் டயர் கடைக்குப் போயிருப்பேன்.

எறியும்போது மெல்லப் பாடுவான். பாட்டு நின்றால் கை களைத்துவிட்டது என்று பொருள். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டான். உடனே மேலாளருக்குச் சைகை காட்டு. இந்தத் தோளை யாரும் தைத்துச் சரிசெய்யும் நிலைக்கு விடாதே. ஆள் இரண்டாவது தளத்தில் இருக்கும்போது விரல் காட்டினால் குழம்புகிறான். முகமூடியைத் தொட்டுக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஊருக்குப் பேச வரிசையில் நிற்க வேண்டும், அன்று அவனை முன்னதாக விட்டுவிடு. ஆங்கிலத்தில் "சரி சரி" என்றால் புரியவில்லை என்று அர்த்தம்.

நான் இங்கேயே இருக்கிறேன். அக்டோபரில் அலுவலகம் கேட்சர்களுக்குப் பயிற்சியாளராக இருக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. ஆள் குறைந்தால் நானும் கவசம் போடுவேன். அந்தக் கடிதத்தில் என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். மைத்துனன் திட்டினான், பிறகு நான்கு டயர் பரிசாகக் கொடுத்தான்.

உனக்கு நான்கு பதில் எழுதினேன். நான்கையும் எந்தக் கேட்சரும் பிடித்திருக்க முடியாது. அதனால் அனுப்பவில்லை.

புதிய பதிவேடு நூலகத்துக்கு வந்துவிட்டது. இனெஸ் பார்த்தாள். ஓ-வில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். உன் பெயர் வரும் டி-யில் பார்த்திருக்கிறாள். "அப்பா, தோர்சன் லைல், ஒரு ஆட்டம். இவரு உங்க ஃப்ரெண்டுதானே? நல்லாப் பிடிப்பாரா?"

"ரொம்ப நல்லாப் பிடிப்பாரு. குடுக்கத்தான் கொஞ்சம் நேரமாகும்."

"குடுத்துட்டாரா?"

கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். நகத்தைப் பற்றிய உன் கடிதத்தைப் பழைய பெட்டியில், நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மேலே நாற்பத்திரண்டு என்று எண் போட்டேன். ரொம்பத் தாமதம். ஆனால் கையெழுத்து பழையபடி மோசமாக இருந்தது.

பாலாசியோஸைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் இதில் இருக்கிறது. இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஒரு படி கீழே இருந்து,
ரூபன்